தெற்கு சூடானைவிடத் தேவலாம்

ஒப்பிட்டு ஆறுதல் சொல்பவர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பல் டாக்டரே இல்லாத ஏதோ ஒரு நாட்டின் பெயரைச் சொல்வார். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், குடத்தோடு அரை நாள் நடக்கும் பாலைவனத்துப் பெண்களைப் பற்றிக் கண் கலங்கப் பேசுவார். கேட்டு முடித்தபின் உங்கள் பல்வலி போயிருக்காது, குழாயில் தண்ணீரும் வந்திருக்காது. ஆனால் வலிக்கிறது என்று வாய் திறக்க உங்களுக்கே கூச்சமாகிவிடும். அவருடைய வைத்தியம் அவ்வளவுதான்.

இந்த இனத்தில் நன்றாக விளைந்த மாதிரி ஒன்று வேண்டுமானால், காலையில் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் பொன்னேரியில் ஏறுகிறவர்களைக் கவனியுங்கள். நெற்றியில் சந்தனக் கீற்று, கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் ஓயாமல் உருட்டப்படும் செல்போன். அவர்தான் சபரிநாதன். சிப்காட்டில் கார்களுக்கு வயர் பின்னி ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர். தொழிலாளர்களின் குறையைக் கேட்பதற்காகச் சம்பளம் வாங்குபவர். கேட்பதற்கு மட்டும்தான் சம்பளம் என்பதில் அவர் மிகவும் தெளிவாக இருந்தார்.

கவரப்பேட்டைக்கு முன்னால் ரயில் சிக்னலில் நின்று, ஷிஃப்டுக்கு நேரமாகிறதே என்று பெட்டியே முணுமுணுக்கும்போது சபரிநாதன் தொண்டையைச் செருமுவார்.

"ஒலகத்துல எத்தினி நாட்டுல ரயிலே இல்ல தெரியுமா சார்?"

"அங்க யாரும் லேட்டா போறதில்லயே சார்," என்றார் ஒருநாள் எதிர் சீட்டுக்காரர். சபரிநாதன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். உலக ஞானம் இல்லாதவர்களிடம் அவருக்குக் கோபம் வராது.

இந்த ஞானம் அவருக்கு எங்கிருந்து வந்தது? மனித மேம்பாட்டுக் குறியீடு என்று ஒன்று உண்டு. சராசரி ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, எந்த நாட்டில் மனிதன் எப்படி வாழ்கிறான் என்று வரிசைப்படுத்துவார்கள். பின்தங்கியவர்கள் முன்னேற என்ன செய்யலாம் என்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட பட்டியல் அது. எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் அதைத் திரையில் பார்த்த சபரிநாதனுக்கு வேறொரு ஞானம் பிறந்தது. இந்தியா நடுவில் எங்கோ நூற்றுச் சொச்சத்தில் இருக்கிறது என்றால், அதற்குக் கீழேயும் நாடுகள் இருக்கின்றன அல்லவா? சாட், நைஜர், தெற்கு சூடான். அன்றிலிருந்து அந்தக் கடைசிப் பக்கம் அவருக்கு மனப்பாடம். பாவம், அந்த நாட்டுக்காரர்கள் ஏற்கெனவே ஆயிரம் துயரத்தில் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு குழாயை ரிப்பேர் செய்யாமல் தள்ளிப்போடுவதற்கும் தங்கள் துயரம்தான் பயன்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

பட்டியலின் முதல் பக்கத்தை அவர் படித்ததே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் மனப்பாடம்தான். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னால் அவருக்கு நார்வே ஞாபகம் வரும். வருஷா வருஷம் பதவி உயர்வு தள்ளிப்போகும்போது டென்மார்க் ஞாபகம் வரும். "மனுசன மனுசனா மதிக்கிற ஊருடி அதெல்லாம்," என்று மனைவி சம்பூர்ணத்திடம் பெருமூச்சு விடுவார். அதே சம்பூர்ணம் மிக்ஸி ஓடவில்லை என்று சொன்னால் உடனே ஆப்பிரிக்காவுக்கு இறங்கி, உரலில் தினை இடிக்கும் பெண்களைக் காட்டுவார்.

"மிக்ஸிய ரிப்பேருக்கு எடுத்துக்கினு போற புருசன் எந்த நாட்டுல இருக்கான்னு கொஞ்சம் பாத்து சொல்லு," என்பாள் சம்பூர்ணம். அந்தப் பட்டியல் மட்டும் அவரிடம் இல்லை.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கம்பெனியில் மூன்றாவது லைன் என்று ஒன்று இருந்தது. முழுக்கப் பெண்கள். நின்றுகொண்டே வயர் பின்னுகிற வேலை. பெண்களுக்கான கழிவறையோ மெயின் கேட்டுக்குப் பக்கத்தில், செக்யூரிட்டி அறைக்குப் பின்னால் இருந்தது. லைன் லீடரிடம் கேட்டு, லாரிகள் சரக்கு ஏற்றும் இடத்தைச் சுற்றிக்கொண்டு, டிரைவர்களின் பார்வையைத் தாண்டிப் போய்த் திரும்புவதற்குள் இடைவேளை முடிந்து சைரன் ஊதிவிடும். அதனால் அந்தப் பெண்கள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. வெயில் கொளுத்தும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ள நின்றார்கள். துர்காதேவி என்ற பெண் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தாள். அந்த ஒரு வாரச் சம்பளமும் போயிற்று. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

திரும்பி வந்தவள், கங்கம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேரே வெல்ஃபேர் ஆபீசரிடம் போனாள். கங்கம்மா ஆரம்பாக்கத்துக்காரி, மனதில் இருப்பது அப்படியே வாயில் வந்துவிடும்.

"லைன் பக்கத்துல ரெண்டு பாத்ரூம் கட்டிக் குடுங்க சார். அடக்கிக்கினு நிக்க முடியல," என்றாள் துர்காதேவி.

சபரிநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "தோ பாரும்மா. தெற்கு சூடான்னு ஒரு நாடு இருக்குது. அங்க கழிவறைன்னா இன்னான்னே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒனக்குக் கேட்டாண்ட டைல்ஸ் போட்டு ஒண்ணு இருக்குது. கம்பேர் பண்ணிப் பாக்கணும்மா. மனித மேம்பாட்டுல மூணு விஷயம் பாக்கறாங்க. ஆயுசு, படிப்பு, வருமானம்."

"இந்த மூணுல மூத்திரம் எதுல வரும் சார்?" என்றாள் கங்கம்மா.

சபரிநாதன் மூன்றையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆயுசுல வரும்."

"அப்ப அடக்கிக்கினு நின்னா ஆயுசு கொறையும்ல?"

"கம்பேர் பண்ணிப் பாரு, கொறஞ்சது தெரியாது," என்று சொல்லிவிட்டு அவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் ஒன்றும் வரவில்லை.

அந்த மாதம்தான் ஆடிட் வந்தது. சரக்கு வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி, தொழிலாளர்களை இங்கே ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பும். ஜி.எம். பார்த்திபன் சபரிநாதனைக் கூப்பிட்டு, ஆடிட் நல்லபடியாக முடிந்தால் இந்த முறை மேனேஜர் பதவி நிச்சயம் என்றார். சபரிநாதனுக்கு டென்மார்க் கண்முன்னால் வந்து நின்றது.

உடனே மூன்றாவது லைனை கேன்டீனில் உட்கார வைத்தார். யார் எது கேட்டாலும் திருப்தியாக இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இன்று அவர் மேனேஜர். ஆனால் கங்கம்மா கையைத் தூக்கி, "ஏன் திருப்தின்னு கேட்டா இன்னா சார் சொல்றது?" என்று கேட்டுவிட்டாள். ஞானியிடம் போய் இப்படிக் கேட்கலாமா? சபரிநாதன் தன்னை மறந்தார். குடிநீருக்கு நைஜர், சம்பளத்துக்கு சாட், கழிவறைக்குத் தெற்கு சூடான் என்று டீ ஆறும்வரை சொல்லிக் கொடுத்தார். திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

ஆடிட்டுக்கு வந்த ஜெனிபர் சென்னைக்காரப் பெண். அதிகம் பேசவில்லை. மூன்றாவது லைனிலிருந்து தானே ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து, அதிகாரிகள் யாரும் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் பேசினாள். சபரிநாதன் வெளியே நடந்துகொண்டிருந்தார். உள்ளிருந்து வந்த துர்காதேவி, "நீங்க சொன்னதயே சொல்லிட்டேன் சார்," என்றதும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவள் கேலி செய்யவில்லை. வேலை போய்விடக் கூடாதே என்ற பயத்தில், சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லியிருந்தாள்.

மாலையில் ஜி.எம். அறையில் முடிவுக் கூட்டம். ஜெனிபர் தன் குறிப்புகளைப் பார்த்து நிதானமாகப் படித்தாள்.

"கழிவறை வசதி எப்படி இருக்குன்னு கேட்டேன். தெற்கு சூடானைவிட நல்லா இருக்குன்னு சொன்னாங்க. ரெண்டாவது ஆளும் தெற்கு சூடான்தான். சம்பளம் எப்படின்னா சாட் நாட்டைவிடப் பரவால்லயாம். ஒருத்தங்களுக்கு நாட்டுப் பேரு மறந்துபோச்சு. 'ஏதோ பாலைவனம் மேடம், சார் சொன்னாரு, அத்தவிட நாங்க நல்லாத்தான் இருக்கோம்'னு சொன்னாங்க."

அந்தக் கடைசி ஆள் கங்கம்மா என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜெனிபர் தலையை நிமிர்த்தினாள். "லைன்ல நின்னு பாத்தேன், ஷிஃப்ட் முழுக்கத் தண்ணி குடிக்காம நிக்கறாங்க சார். எல்லாருக்கும் ஆப்பிரிக்கா தெரிஞ்சிருக்கு. இந்தக் கம்பெனி எந்த நாட்டுச் சட்டத்துக்குள்ள வருதுன்னு யாருமே சொல்லித் தரலயா?"

பார்த்திபன் சபரிநாதனைப் பார்த்தார். சபரிநாதன் மேஜை மேலிருந்த முந்திரித் தட்டைப் பார்த்தார்.

கழிவறை கட்டி முடிக்கும்வரை புது ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்டது. இத்தனை நாளாக இடமில்லை, பட்ஜெட் இல்லை, வாஸ்து சரியில்லை என்று சொன்னவர்களுக்கு, ஆர்டர் நின்றதும் எல்லாம் கிடைத்துவிட்டது. லைனை ஒட்டிச் சுவர் எழும்பியது, கதவு மாட்டினார்கள், குழாய் திறந்தால் தண்ணீர் வந்தது. அடுத்த திங்கட்கிழமை துர்காதேவி வேலைக்கு நடுவில் பாட்டிலைத் திறந்து, யாரையும் பார்க்காமல் மடக் மடக்கென்று பாதித் தண்ணீரைக் குடித்தாள். மனித மேம்பாடு என்று இத்தனை நேரம் பேசினோமே, என்னைக் கேட்டால் அந்த லைனில் அது அன்றைக்குத்தான் நடந்தது.

மேனேஜர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. சபரிநாதன் ஜி.எம்.மிடம் போய், இருபது வருஷ உழைப்புக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டார். பார்த்திபன் பைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒலகத்துல வேலையே இல்லாம எத்தினி கோடிப் பேரு இருக்காங்க, சபரி. ஒனக்கு சேர் இருக்குது, ஃபேன் ஓடுது. கம்பேர் பண்ணிப் பாரு."

சபரிநாதனுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. ஒரு மனிதனின் வேதனையை இப்படி ஊதித் தள்ள எப்படி மனம் வருகிறது என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் சம்பூர்ணம் காபி கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கர கம்மி."

"தீந்துபோச்சு. நாளைக்குத்தான் வாங்கணும்," என்றாள்.

"இருக்கட்டும். காபியே கெடைக்காத நாடு எத்தினி இருக்குது தெரியுமா?" என்றார் சபரிநாதன். மனிதர் தேறிவிட்டார்.

சரி, உங்களிடம் வருவோம். இவ்வளவு நேரம் படித்தீர்கள், சில இடங்களில் சிரித்தும் இருப்பீர்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா சம்பளம் கூட்டிக் கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், மகள் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி அழுதபோது யாருடைய பட்டினியை எடுத்துக் காட்டினீர்கள் என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று. கதை முடிகிற இந்த இடத்தில், "என்ன இருந்தாலும் நாம் அந்த சபரிநாதனைவிடத் தேவலாம்" என்று உங்களுக்கு ஒரு சின்ன நிம்மதி வந்ததா?

வந்திருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். பொன்னேரியில் அவர் ஏறுவார், உங்கள் பக்கத்தில்தான் அவருக்கு இடம்.