வாறேன் நானாவும் சுண்ணாம்புக் கையும்

முன்னால் போகிற வண்டியை முந்துவதற்கு அனுமதி கேட்டு, கிடைத்தால் மட்டும் முந்தி, முந்திய கையோடு விடையும் பெற்றுக்கொண்டு போன சாரதி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் மாத்தளை கடைவீதியில் வாடகைக்கு ஹயரிங் கார் ஓட்டிய வாறேன் நானா. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

முந்தும்போது காரை லொறிக்குச் சமமாகக் கொண்டுவந்து, கண்ணைப் பாதையில் வைத்தபடியே, தமிழ்ச் சாரதியென்றால் "போயிட்டு வாறேன்" என்பார். சிங்களச் சாரதியென்றால் அதையே அவர் பாஷையில் "கிஹின் என்னம்". தன் ஆட்களுக்கு ஸலாம். எஞ்சின் சத்தத்தில் அது யார் காதில் விழுந்திருக்கும்? நானாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கல்யாண வீட்டிலிருந்து சொல்லாமல் எழும்பிப் போக முடியுமா என்று கேட்பார்.

அவரை யாராவது முந்த வந்தாலோ, அது தனி உபசாரம். காரை இடது ஓரத்தில் ஒதுக்கி, வேகத்தைக் குறைத்து, முழுக் கையையும் வெளியே நீட்டி, "வாங்க, வாங்க" என்று வரவேற்பார். வந்தவர் திரும்பியும் பாராமல் பறந்துவிட்டால் முகம் சுண்டிப்போகும். "ஒரு வார்த்த சொல்லாமப் போறாரு பாருங்க தம்பி" என்று அன்று முழுக்கப் புலம்புவார்.

ஒருமுறை யட்டவத்தை பாதையில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் நாங்கள் ஊர்ந்த கதை இன்னும் நினைவிருக்கிறது. வண்டிக்காரர் நல்ல தூக்கம். மாடுகள் தாமாகவே வழி பார்த்து நடந்துகொண்டிருந்தன. 

"பாத காலியா கெடக்கே, போங்க நானா."

"தூங்குற மனுசன்கிட்ட என்னத்தக் கேக்குறது? மாட்டுக்கிட்ட கேட்டா அது வலது பக்கம் திரும்பிச்சுன்னா?"

வண்டிக்காரரின் தூக்கம் கலையும்வரை நாங்கள் மாடுகளின் பின்புறத்தைத் தரிசித்தபடி போனோம். நடந்து போனவர்கள் எங்களை முந்தினார்கள். அவர்களுக்கும் நானா கை காட்டினார்.

வளைவுகளில் பாதை நடுவே விடாமல் ஓடும் வெள்ளைக் கோட்டை அவர் கோடு என்று சொல்லமாட்டார், மதில் என்பார். "மதில் ஏறிக் குதிக்கிறவன நாங்க என்னன்னு சொல்லுவோம்? கள்ளன்னுதானே?"

இப்படிப்பட்ட மனிதரின் காரில்தான் என் மனைவி பிரசவத்துக்குப் போனாள். தலைப்பிரசவம் என்று நாவுலவில் தாய் வீட்டில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாவின் காரில் அவளைப் பார்க்கப் போனேன். மத்தியானச் சோற்றில் கை வைக்கும்போது வலி கண்டுவிட்டது. மனைவியையும் மாமியாரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

நாலந்தாவைத் தாண்டியதும் வந்து வாய்த்தது ஒரு நெல் மூட்டை லொறி. வளைவும் மேடுமான பாதை. லொறி முக்கி முனகி ஏறியது. பின்சீட்டில் என் மனைவி அதைவிடப் பலமாக முனகினாள். நானா ஹோன் அடித்தார், பதில் இல்லை. நடுவில் மதில் வேறு.

"முந்திப் போங்க நானா, புள்ள ரோட்டுலயே பொறந்துரும்போல இருக்கு" என்றார் மாமியார்.

"பொறக்குற புள்ளைக்கு உம்மா வாப்பா வேணும்லம்மா" என்றார் நானா.

அப்போது லொறிச் சாரதியின் கை வெளியே வந்து ஆடியது.

"அந்தா கை காட்டிட்டான். போங்க."

"அது சுண்ணாம்புக் கைம்மா."

"என்னது?"

"வெத்தில போடுறாரு. வெரல்ல மிஞ்சின சுண்ணாம்ப ஒதறுறாரு. போகச் சொல்ற கைன்னா உள்ளங்கை முன்னுக்கு வீசும். இது வெரல் கீழ பாத்து ஒதறுது."

மாமியார் நானாவின் பரம்பரையையே திட்ட வாயெடுத்தார். அதற்குள் வளைவிலிருந்து தம்புள்ளைப் பக்கம் போகிற பஸ் ஒன்று சனத்தோடு சாய்ந்தபடி பாதையை அடைத்துக்கொண்டு வந்தது. அது கடந்த காற்றில் எங்கள் கார் ஆடியது. மாமியாரின் வாய் திறந்தபடியே இருந்தது.

வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்தது. மதிலும் முடிந்தது. நானா மறுபடி ஹோன் அடித்தார். மறுபடி கை வந்தது.

"இது என்ன கை நானா?" என்றார் மாமியார், பூனைக் குரலில்.

"இது போகச் சொல்ற கைம்மா." தானும் ஒருமுறை எதிர்ப்பாதையைப் பார்த்துவிட்டு நானா முந்தினார். அந்த அவசரத்திலும், "கிஹின் என்னம் மல்லி" என்று அந்தத் தம்பியிடம் சொல்ல மறக்கவில்லை. வாய் நிறைய வெற்றிலையோடு லொறிக்காரர் தலையாட்டினார். வலிக்கு நடுவில் என் மனைவி சிரித்துவிட்டாள்.

மாமியார் இடுப்புப் பையை அவிழ்த்து, ஒரு வெற்றிலையை மடித்து மரியாதையாக நீட்டினார்.

"காரோட்டும்போது போடமாட்டேம்மா. சுண்ணாம்ப ஒதறினா, பின்னால வாறவரு தப்பா வெளங்கிக்குவாரு."

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் மகள் பிறந்தாள். நாங்கள் குழந்தையோடு வீட்டுக்கு வந்ததும் நானா கற்கண்டோடு பார்க்க வந்தார். புறப்படும்போது தொட்டிலருகே குனிந்து, "போயிட்டு வாறேன் மகள்" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். குழந்தை கையை அசைத்த பிறகுதான் வாசலைத் தாண்டினார். அது எந்தக் கை என்று அன்று அவர் ஆராயவில்லை.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் செய்தி வந்தது. விடியற்காலை சுபஹுத் தொழுகை முடித்து வந்து பாயில் சாய்ந்த நானா எழும்பவில்லையாம். ஜனாஸா ஊர்வலம் கடைவீதி வழியாகப் போனது. பின்னால் வந்த பஸ்களும் லொறிகளும் ஹோன் அடிக்காமல், முந்தாமல், நடை வேகத்தில் வந்தன. நானும் கூட்டத்தோடு நடந்தேன். எனக்குத் தாங்க முடியாத வருத்தம், கொஞ்சம் கோபமும்கூட.

வாழ்நாளெல்லாம் கேட்காமல் யாரையும் முந்தாத மனிதர். ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு போய்விட்டார். நான் கை காட்டவே இல்லையே, நானா.