ஒரு வீடு, மூன்று பத்திரம்

எனக்கு யாரிடமும் "வேண்டாம்" என்று சொல்ல வராது. புடவைக் கடையில் பத்துப் புடவைகளைப் பிரித்துப் போட்டவரின் முகம் வாடக் கூடாதே என்று, பிடிக்காத ஒன்றையாவது வாங்கிக்கொண்டுதான் இறங்குவேன். இதை நல்ல குணம் என்றே பல வருடங்கள் நம்பியிருந்தேன். இதே குணத்தால்தான் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையோடு, பதிவு அலுவலகத்துக்கு எதிரே நில மோசடிக்காரியாக நின்றேன்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. இரண்டு அறைகள், ஒரு சமையலறை, வெளியே ஒரு மாடிப்படி (மாடி கிடையாது, படி மட்டும்). அப்பா வாங்கிக் கொடுத்த மனையில் கட்டியதால் பத்திரம் என் பெயரில் இருந்தது. என் கணவர் சரவணன் வேலை பார்த்த கம்பெனி ஓசூரில் புது லைன் தொடங்கி, அவரை அங்கே மாற்றிவிட்டது. அவர் அங்கே ஆறு பேரோடு ஓர் அறையில், பாய்க்கும் ஷிப்ட் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இந்த வீடு விற்றால்தான் ஓசூரில் எங்களுக்கு ஒரு வீடு. அதுவரை நானும் குழந்தை நிலாவும் இங்கே.

வாங்க வந்தவர் செல்வகுமார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். ஆறு வருடமாக மனைவி மாரியோடு வாடகை அறையில் இருந்தார். வழக்கமாகப் பத்திரம் எழுத வாங்குகிறவர்தான் ஆள் பார்ப்பார். செல்வகுமாருக்கோ ஷிப்டும் ஓ.டி.யும் போக மூச்சு விடத்தான் நேரம் இருந்தது.

"நீங்க படிச்சவங்கக்கா. நீங்களே நல்ல ஆளாப் பாத்திருங்க. ஆடி பொறக்கதுக்குள்ள முடிச்சிரணும், இல்லன்னா எங்கம்மா வேற வீடு பாருன்னுருவா" என்றார்.

ஆனி முடியப் பத்து நாள் இருந்தது. கடைசி நல்ல நாளைக் குறித்தோம். நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எனக்குப் பயம் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. கம்பெனிகள் வந்து மனை விலை ஏறியதிலிருந்து, ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்ற கதை இல்லாத டீக்கடை எங்கள் பக்கம் கிடையாது. 'டபுள் டாக்குமெண்ட்' என்பார்கள். பத்திரம் எழுதுகிறவர் சரியில்லாவிட்டால் எல்லாம் போச்சு என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போவார். திருமணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளியில் கணக்கு எடுத்தவள் நான். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நோட்டில் பதினாறு கேள்விகள் தயாரித்தேன்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு நீளமான தகரக் கொட்டகை. அதை பிளைவுட் வைத்து மூன்றாகத் தடுத்து, மூன்று பேர் உட்கார்ந்து பத்திரம் எழுதினார்கள். முதல் தடுப்பில் ஏகாம்பரம். வயதானவர், காதில் பேனா.

"எத்தனை வருஷ அனுபவம் சார்?"

"இந்த ஆபீசு ஓட்டு வூடா இருந்த காலத்துலேர்ந்து இங்கதாம்மா கீறேன்."

"உங்க பலவீனம்னு எதைச் சொல்வீங்க?" (கல்லூரியில் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் என்னைக் கேட்டது. பயன்படட்டுமே என்று சேர்த்திருந்தேன்.)

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்துக் கீழே வைத்தார். "சக்கரை கீதும்மா. காலைல மாத்திர போடுறேன்."

நல்ல மனிதர். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போடும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டேன். எதற்கும் இன்னொருவரைப் பார்ப்போமே என்று தோன்றியது. வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸைக் கொடுத்து, வாங்குகிறவர் பெயர் செல்வகுமார் என்று சொல்லி, "மாதிரிப் பத்திரம் ஒண்ணு எழுதி வைங்க சார், வர்றேன்" என்றேன்.

அடுத்த தடுப்பு கஸ்தூரி அக்காவுடையது. டைப்ரைட்டிங் முடித்தவர், கடகடவென்று பேசுவார், போனதும் டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்துவிட்டு எழுந்து போவது எப்படி? அவரிடமும் ஒரு மாதிரிப் பத்திரம் கேட்டேன். அப்போதுதான் சிக்கல் உறைத்தது. இவரிடமும் செல்வகுமார் என்று சொன்னால், பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏகாம்பரத்துக்குத் தெரிந்துவிடும். அவர் மனம் என்ன பாடுபடும்? சர்க்கரை வேறு. அதனால் வாங்குகிறவர் பெயர் பாபு என்றேன். பாபு மதுரையில் இருக்கும் என் தம்பி.

மூன்றாவது பார்த்திபன். இளைஞர். கம்ப்யூட்டர், பிரிண்டர், வாசலில் அவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ். அவராகவே "வாங்க மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்குகிறவர் பெயர் கேட்டார். குழந்தை இடுப்பில் இருந்தது. "நிலா" என்றேன். வயது இருபத்தாறு என்றேன். அப்பா பெயர் கேட்டார். பொய் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்த நேரம், உண்மை வெளியே வந்துவிட்டது: சரவணன்.

மூன்று மாதிரிகளும் நான்கு நாளில் வந்தன. குழந்தை மதியம் தூங்கும்போது சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து திருத்தி மதிப்பெண் போட்டேன். நான்கு எல்லைகளையும் அளவோடு எழுதியிருந்த கஸ்தூரி அக்கா முதலிடம். அவரிடம் போய், "தம்பி மனசு மாறிட்டான்க்கா, இப்ப செல்வகுமார்னு ஒருத்தர் வாங்குறாரு" என்று காதோடு சொல்லிப் பெயரை மாற்ற வைத்தேன். மற்ற இருவரையும் பார்த்து வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாகப் போனேன். அவர்கள் முகத்தைப் பார்த்ததும், "சரிங்க, அந்தக் கடைசி முகூர்த்தத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நாள் வந்தது. சரவணனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. செல்வகுமாரும் மாரியும் புதுத் துணியில் வந்திருந்தார்கள். மாரி கையில் தாம்பூலத் தட்டு. கஸ்தூரி அக்கா பத்திரத்தை எடுத்து, "செல்வகுமார் யாருப்பா, வா, இங்க கையெழுத்துப் போடு" என்று கூப்பிட்டார். பிளைவுட்டுக்கு மேலே ஏகாம்பரத்தின் தலை எழும்பியது.

"இன்னாம்மா கஸ்தூரி, செல்வகுமாரு பத்திரம் நம்மகிட்டல்ல ரெடியா கீது? எந்த வூடு அது?"

கஸ்தூரி அக்கா சர்வே எண்ணைப் படித்தார். அந்தக் கோடியிலிருந்து பார்த்திபன் காகிதத்தோடு எழுந்து வந்தார்.

"அக்கா, அந்த நம்பர் என்னுது. அந்த வீட்டை நிலானு ஒரு மேடம் வாங்குறாங்க. அவங்களுக்காகத்தான் வெயிட் பண்றேன்."

"நிலாவா? மொதல்ல என்கிட்ட பாபுன்னுல்ல சொல்லுச்சு" என்றார் கஸ்தூரி அக்கா.

மூன்று காகிதங்களும் மேசையில் வரிசையாக வந்து விழுந்தன. ஒரே வீடு, ஒரே மாடிப்படி, மூன்று பேர் வாங்குகிறார்கள். டீக்கடையிலிருந்து நான்கைந்து பேர் கிளாஸோடு வந்துவிட்டார்கள்.

"பாத்தா படிச்ச பொண்ணாட்டம் கீது" என்றார் ஒருவர்.

"படிச்சதுங்கதாம்பா இதெல்லாம் செய்யும்" என்றார் இன்னொருவர்.

மாரி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஏங்க, வாங்க போவோம். நமக்கு வாடகை ரூமே போதும்" என்று செல்வகுமாரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். செல்வகுமார் நகரவில்லை. "என்னக்கா இது?" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஓசூரில் பாய் விரித்துக் காத்திருக்கும் சரவணனின் முகம் கண்ணில் வந்தது. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்த பாபு யாரு? போன் போடும்மா" என்றார் ஏகாம்பரம். என் தம்பி என்று மட்டும் சொல்லி எண்ணைப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து அவரே கேட்டார்.

"தம்பி, ஒங்கக்கா வூட்ட நீ வாங்குறியா?"

பாபு இரண்டு நொடி யோசித்தான். அக்கா ஏதோ சிக்கலில் இருக்கிறாள், கைவிடக் கூடாது என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. "ஆமா சார். நான்தான் வாங்குறேன். எப்பயோ பேசி முடிச்சாச்சு" என்றான் கணீரென்று.

கூட்டம் "ஆங்" என்றது. போனை வாங்கி அணைத்தேன். அழுகை வந்துவிட்டது. நான் அழுவதைப் பார்த்து நிலாவும் அழுதாள். கஸ்தூரி அக்கா அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "அழுவாத கண்ணு, உம் பேரு இன்னா?" என்று கேட்டார்.

"நிலா" என்றது குழந்தை.

பார்த்திபன் தன் காகிதத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "வயசு இருபத்தாறு, அப்பா பேரு சரவணன்" என்று மெல்லப் படித்தார். "மேடம், உங்க வீட்டுக்காரர் பேரு?"

"சரவணன்" என்றேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினாறு கேள்வி, டீ, நாற்காலி, சிவப்புப் பேனா, சர்க்கரை எல்லாமே.

ஏகாம்பரம்தான் முதலில் சிரித்தார். "எனக்கு எவ்ளோ மார்க்கு போட்ட?"

"எழுபத்திரெண்டு சார்."

"எனக்கு மேடம்?" என்றார் பார்த்திபன்.

"அறுபத்தெட்டு. கிழக்கு எல்லையை விட்டுட்டீங்க."

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்து, "ஆமா" என்றார் வருத்தமாக.

கூட்டம் சிரித்துக் கலைந்தது. மாரி சிரிக்கவில்லை. "அதெல்லாம் சரி. எங்களுக்கு இந்த ஒரு வீடுதான். நாளைக்கு இன்னொரு பேர் வந்து நின்னா நாங்க எங்க போவோம்? இவுக மூணு பேரும் கையெழுத்துப் போடட்டும். அப்பதான் நம்புவேன்" என்றார்.

"நியாயம்தானே" என்றார் ஏகாம்பரம். "சாட்சிக்கு ரெண்டு பேரு வோணும். இட்டாந்து கீறியாம்மா?"

இல்லை. பதினாறு கேள்விகளில் ஒன்றுகூட சாட்சியைப் பற்றி இல்லை.

கஸ்தூரி அக்கா எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தில் முதல் சாட்சியாக ஏகாம்பரம் நடுங்கும் கையால் கையெழுத்திட்டார். இரண்டாம் சாட்சியாகப் பார்த்திபன், கிழக்கு எல்லை இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். உள்ளே சார்பதிவாளர், "சம்மதத்தோடதான் விக்கிறீங்களா? யாருக்கு?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற பத்திரக்காரர்கள் மூவரும் ஒரே குரலில் "செல்வகுமாருக்கு சார்" என்றார்கள். மாரி அப்போதுதான் தட்டை என் கையில் கொடுத்தார்.

ஆடி பிறந்தபோது நாங்கள் ஓசூரில் இருந்தோம். சில வருடம் கழித்து மாடி கட்டக் கடன் கேட்டுப் போன செல்வகுமாரிடம், இரண்டு சாட்சிகளும் பத்திரம் எழுதுகிறவர்களாக இருக்கிறார்களே, ஏன் என்று வங்கி வக்கீல் கேட்டாராம். இவர் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். கடன் கிடைத்துவிட்டது. என் பெயரும் அந்த வங்கி முழுக்கப் பரவிவிட்டது.

இன்றும் காய்கறிக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவே நின்று நான் தயங்கினால் போதும், சரவணன் பையை நீட்டிக்கொண்டு சொல்வார்:

"ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிடு. ஒருத்தர விட்டா, அப்புறம் அவர சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிடணும்."