நாலும் மின்னிய வெள்ளிக்கிழமை

கல்யாணமாகிப் போன வீட்டில் சமைக்கத் தெரியும் என்று சொல்லலாம், கோலம் போடத் தெரியும் என்று சொல்லலாம். வயரிங் தெரியும் என்று மட்டும் சொல்லவே கூடாது. நாத்தனாரின் நிச்சயதார்த்தத்தையே நட்டாற்றில் விடப் பார்த்தவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கும்மிடிப்பூண்டியில் கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியில் வயரிங் பிரிவில் வேலை. ஒரு பேனலில் முந்நூறு வயர் இருக்கும், ஒன்றுகூட மாறாமல் கோப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. (கொஞ்சம் இல்லை, நிறைய.)

எங்கள் ஊருக்குப் பெரியபாளையத்திலிருந்து ஊத்துக்கோட்டை போகிற ரோட்டில் இடது பக்கம் உள்ளே போக வேண்டும். நாத்தனார் கவிதாவைப் பெண் பார்க்கத் திருநின்றவூரிலிருந்து வந்தவர்கள் போனில் மேப் பார்த்துக்கொண்டு வந்து செங்கல் சூளையில் போய் நின்றார்கள். இரண்டாம் முறை அப்படி ஆகக்கூடாது என்று மாமனார் ஒரு ஏற்பாடு செய்தார். நிச்சயதார்த்தத்தன்று பெரியபாளையம் கோயில் வளைவில் வேனை நிறுத்தி, அங்கிருந்து அவருடைய பைக் முன்னால் போகும், வேன் பின்னால் வரும்.

அந்த பைக் என்னைவிட வயதில் மூத்தது. இரட்டை சைலன்சர். அதைத் துடைப்பதற்கென்றே தனித் துண்டு, அந்தத் துண்டை மாமியார்கூடத் தொட முடியாது.

"இண்டிகேட்டர பாத்துக்கினே வான்னு டிரைவராண்ட சொல்லிட்டேன்" என்றார் மாமனார்.

"அது பகல்ல எரியுதான்னு தொட்டுப் பாத்தாதான் நைனா தெரியும்" என்றார் என் கணவர்.

"இதுக்கு இன்னா மாமா, எல்இடி போட்டுட்டா போச்சு" என்றது என் வாய்.

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி ஒயர்ல கை வெக்கப் போறியா?"

"தெனம் முந்நூறு ஒயர்ல கை வெக்கிறேன். இதுல மொத்தமே நாலு பல்பு."

வியாழக்கிழமை சாயங்காலம் மாட்டினேன். முதலில் ஒரு சின்ன பேஜாரு. இண்டிகேட்டர் போட்டதும் ஹேண்டில் பக்கத்தில் இருக்கும் பச்சை விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. எல்இடி இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு. விளக்கை விட்டுவிட்டு மின்ன வைக்கும் பழைய ரிலே, பல்பு ஃபியூஸ் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு எச்சரிக்கிறது. புது ரிலே வாங்கி வந்து மாற்றினேன். பச்சை விளக்கு நிதானமாக மின்ன ஆரம்பித்தது. நான் அதையே பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவரை வண்டிக்குப் பின்னால் நிற்க வைத்தேன். கையில் போண்டாத் தட்டோடு நின்றார்.

"லெஃப்ட் போட்டுக்கிறேன். எரியுதா?"

"எரியுது."

"மின்னுதா?"

"சூப்பரா மின்னுது."

டெஸ்டிங் முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு வேன் கோயில் வளைவுக்கு வந்து சேர்ந்தது. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். கணவர் பைக் ஓட்டினார். பட்டுப்புடவையோடு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். (பல்பு ஏதாவது மக்கர் செய்தால் பார்க்க இன்ஜினியர் வேண்டாமா.) எங்கள் ஊர் பிரியும் நான்கு ரோடு வந்ததும் இவர் லெஃப்ட் போட்டார். வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும், "வேன் வருதா பாரு" என்றார்.

"வருது வருது. சத்தம் கேக்கல?" என்றேன், திரும்பிப் பார்க்காமலே. கேட்டது எங்கள் சைலன்சர் சத்தம்.

வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு இருபது பேர் நின்றிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் போய் இறங்கினோம். எங்களுக்குப் பின்னால் ஒரு நாய் மட்டும் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து போன். "ஏங்க, போர்டெல்லாம் தெலுங்குல கீதே, இன்னும் எவ்ளோ தூரம்?"

மாமனார் டிரைவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் டிரைவர் அழாத குறையாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "நாலு இண்டிகேட்டரும் போட்டீங்க சார். நாலும் போட்டா நேரா போன்னுதான அர்த்தம்? வண்டிய ஓரங்கட்டி எனக்கு வழி உட்றீங்கன்னு நெனச்சேன்."

எங்கள் பக்கத்தில் நான்கு ரோட்டில் நாலும் போட்டால் நேராகப் போகிறோம் என்று அர்த்தம். எந்தப் புத்தகத்திலும் கிடையாது, எல்லா டிரைவருக்கும் தெரியும். அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்தது. பச்சை விளக்கு இரண்டு பக்க வயருக்கும் நடுவில் பாலம்போல உட்கார்ந்திருக்கிறது. லெஃப்டுக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகக் கொஞ்சம் ரைட்டுக்கும் கசிகிறது. பழைய பல்புகளுக்கு அந்தக் கசிவு பல்லிடுக்குக்குக்கூடக் காணாது. எல்இடிக்கு அதுவே தாராளம்.

கணவர் பக்கம் திரும்பினேன். "நாலும் மின்னுதுன்னு ஏன் சொல்லல?"

"மின்னுதான்னு கேட்ட. மின்னுதுன்னேன். அதான் புது மாடலாக்கும்னு இருந்துட்டேன்."

கவிதா அறைக்குள் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டு மாற்றும் நாளில் நின்றுபோனவள். "அண்ணி, அவங்க திரும்பி வருவாங்கள்ல?" என்று கேட்டாள்.

வேன் வந்தபோது மணி பத்து ஐம்பது. ராகு காலம் பிறந்துவிட்டது. முதலில் இறங்கியது மாப்பிள்ளையின் பெரியம்மா. "தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே வழி தப்புது. சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார். மாமனார் பழியை டிரைவர்மேல் போட வாயெடுத்தார்.

"சகுனம் இல்ல பெரிம்மா, பல்பு" என்றேன். "டிரைவர் மேல தப்பே இல்ல. நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

பெரியம்மா நம்பவில்லை. பைக்கை அவர் முன்னால் நிறுத்தி லெஃப்ட் போட்டேன், நாலும் மின்னியது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் பச்சை விளக்கைக் கழற்றினேன். மறுபடி லெஃப்ட் போட்டேன். லெஃப்ட் மட்டும் மின்னியது.

பெரியம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "அத்த திரும்ப மாட்டு." மாட்டினேன், நாலும். "கழட்டு." கழற்றினேன், இரண்டு. பிறகு சுவிட்சை அவரே வாங்கிக்கொண்டார். ராகு காலம் முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வந்து இண்டிகேட்டர் போட்டுப் பார்த்தார்கள். யாரையும் தொட விடாத மாமனார் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியே பார்த்த கவிதா சிரித்துவிட்டாள். அதைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரித்தார். பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடத்தில் தட்டு மாற்றினோம்.

இப்போது எந்த விசேஷம் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வது பெரியம்மாதான். ஒவ்வொரு முறையும் வேன் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். முதலில் ஊத்துக்கோட்டை தாண்டி நின்றது, பிறகு நாகலாபுரம் போனது. போன பொங்கலுக்குத் திருப்பதியே போய், இரண்டு பேர் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "பெரிம்மா, ஊத்துக்கோட்டை தாண்டி மூணு கிலோமீட்டர்தான் போனீங்க" என்றேன்.

"அது ஒனக்கு எப்படிமா தெரியும்?" என்றார். "நீதான் லெஃப்ட்ல திரும்பிட்டியே."