என் வீட்டு வாசலில் நான் அந்நியன்

கசரானி, நைரோபி
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்புத் தம்பி முரைதிக்கு அண்ணன் கதோகோ எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் பிள்ளைகளும் உன் மூன்று பசுக்களும் நலமா? போனில் பேசினால் எவனாவது ஒட்டுக் கேட்பான், அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

போன மாதம் எங்கள் சபையில் ஒருவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். ஒரே வழியில் இரண்டு நாள் போகாதே, தெருவில் போனை எடுத்துக்கொண்டு திரியாதே, முகத்தைப் பார்த்து யாரையும் நம்பாதே என்றார். அன்றே நம் காவல்காரன் எகிருவிடம் தினம் ஒரு ரகசியச் சொல் என்று ஏற்பாடு செய்தேன். "நானே வந்து நின்னாலும் சொல்லைக் கேக்காம திறக்கக் கூடாது. உள்ள இருக்கிறவங்க திறன்னு சொன்னாலும் திறக்காதே, யாராவது மிரட்டிச் சொல்ல வைக்கலாம்" என்றேன். பெரிய கெட்டிக்காரன் நான்!

நேற்று நம் மகள் மும்பியைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள். காலையில் பால் வாங்கப் போனேன். யார் கண்ணையும் உறுத்தக் கூடாதென்று பழைய கோட்டு, கறுப்புக் கண்ணாடி. புதுவழியில் நாலு தெரு சுற்றி வந்தால் வாசலில் முப்பது பேர் செம்மறிக் கிடாவோடு பாடிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே நம் பெண்கள், பெண் கேட்டு வருகிறவர்களை வாசலில் நிறுத்திப் பாடும் வழக்கப்படி, "யாரு நீங்க, உங்களைத் தெரியாதே" என்று எதிர்ப்பாட்டு. கதவைத் தட்டினேன். "சொல்லு?" என்றான் எகிரு. தம்பி, சொல் மறந்துவிட்டது!

"டேய், நான்தான்டா உன் முதலாளி!"

"ஆளை நம்பாதேன்னு முதலாளி சொல்லியிருக்காரு."

"வங்கேசி! நான்தான்டி வீட்டுக்காரன்!" என்று கத்தினேன். "வர்றவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான்" என்று உன் அண்ணி பாட்டாகவே பாடினாள். வந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்து, "நல்லாப் பேசுறீங்களே, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று கிடாவின் கயிற்றைக் கையில் திணித்துவிட்டாள். அது என் கோட்டுப் பையைத் தின்றுவிட்டது.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. மாப்பிள்ளையின் அப்பா கிதைகா முகம் சிவந்து, "இது வழக்கம் இல்ல, அவமானம். கிடாவை வண்டியில ஏத்துங்க" என்றார். உள்ளே பாட்டு நின்றது. "அப்பா, அந்தச் சொல்லை யோசிச்சுப் பாருங்கப்பா!" என்று மும்பி கதவிடுக்கு வழியாக என்னிடம் கிசுகிசுத்து அழுகிறாள். உன் அண்ணி எகிருவைத் திட்டித் தீர்க்கிறாள். அவன் அசைந்தால்தானே! என்னால் என் பெண்ணின் கல்யாணமே நின்றுவிடப் போகிறதே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்போது அந்த அத்தை, "இங்க தூண்ல சாக்கட்டியால 'இன்றைய சொல் உருளைக்கிழங்கு'ன்னு எழுதியிருக்கே, என்னது?" என்றாள். காலையில், மறந்துவிடுவேனோ என்று நானே எழுதி வைத்தது.

கதவு திறந்தது. உள்ளே, பெண்ணின் அப்பாவுக்கென்று போட்ட நடுநாற்காலியில் என்னைப் பார்த்ததும் கிதைகா, "கிடா பிடிச்ச ஆளா பொண்ணுக்கு அப்பா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "வெயில்ல எங்களோட நின்ன சம்பந்தி வேற எங்க கிடைப்பாரு?" என்று கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டார்.

ஆகவே தம்பி, எப்போதும் உஷாராக இரு. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் அண்ணன்,
கதோகோ

பி.கு.: பஸ் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். வரும் சனிக்கிழமை எல்லோரும் சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம், எகிருவுக்கும் லீவு. அன்று நீ வந்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம் என்பதால் சாவியை இதனுள் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டப் பசை இல்லை. உன் ஊர் நியேரிக்குப் போகிற ஒருவர் கொண்டுவந்து தருவார். பேர் கேட்க மறந்துவிட்டேன். முகத்தைப் பார்த்தாலே நல்ல மனிதர் என்று தெரிகிறது.