கோடி நல்லுயிர்கள் உள்ளே

மனிதர்களைவிட மாடுகளும், மாடுகளைவிட மந்திரிகளும் அதிகமாக இருந்த நாடு ஒன்று உண்டு. ஆனிரை தேசம் என்பது அதன் பெயர். அங்கே தயிரில்லாமல் யாரும் சாப்பாட்டை முடிப்பதில்லை. வீட்டில் உறை தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிப் பாலில் விடுவார்கள். அதற்குக் காசு கேட்பது கேவலம் என்று நினைத்தார்கள். ஒரு பொருள் இப்படிக் காசில்லாமல் வீடு விட்டு வீடு போவதை எந்த அரசாங்கம் பொறுத்துக்கொள்ளும்?

தூய்மை மந்திரி பரிசுத்த பூபதி ஒருநாள் சபையில் எழுந்தார்.

"பிரபு, தயிரில் கிருமிகள் வாழ்கின்றன."

அரசர் நித்தியவர்மர் கையிலிருந்த மோர்க் குவளையைக் கீழே வைத்தார். "யார் அனுமதித்தது?"

"யாருமே அனுமதிக்கவில்லை பிரபு. அதுதான் பிரச்சினை."

அன்றே ஆணை பிறந்தது. இனி அரசு உறை மட்டுமே விற்கப்படும். யார் கேட்டாலும் அதை இல்லையென்று சொல்லாமல் கொடுக்க வேண்டும். அது சிறு சீசாவில் வரும். சீசாவின் மேல் பொன்னிறச் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில் 'கோடி நல்லுயிர்கள் உள்ளே' என்று எழுதியிருக்கும். கெட்ட கிருமிகள் சாக வேண்டுமென்று ஒவ்வொரு சீசாவையும் மூன்று முறை கொதிக்க வைத்தார்கள். நல்ல கிருமிகளும் செத்துவிடாதா என்று ஒரு வைத்தியர் கேட்டார். "நல்லவை அரசுக்குக் கட்டுப்பட்டவை. சாகாது" என்றார் மந்திரி. வைத்தியர் எல்லைக் காவலுக்கு மாற்றப்பட்டார். தரப் பரிசோதகர்கள் நாடெங்கும் போய் சீட்டு கோணாமல் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள்.

பால் உறையவில்லை. ஊரெங்கும் வயிறு கெட்டது. சபை மறுபடியும் கூடி, பால் உறையாததற்கு வீட்டு உறைகளின் சதியே காரணம் என்று கண்டுபிடித்து அவற்றைத் தடை செய்தது. மிளகாய்க் காம்பைப் போட்டாலும் பால் உறையும் என்று யாரோ சொல்ல, மிளகாயைக் காம்பு கிள்ளித்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. புளிக்குக் காவல் போட்டார்கள். உறையாத பாலுக்குத் 'திரவத் தயிர்' என்று பெயர் வைத்து, அதற்கொரு விழாவும் எடுத்தார்கள்.

வண்ணாந்துறைத் தெருவில் வடிவு என்றொருத்தி இருந்தாள். அவளுடைய மூன்று வயது மகள் அரும்புக்குக் காய்ச்சல் விட்டும் வயிற்றுப்போக்கு விடவில்லை. எது கொடுத்தாலும் தங்காது. மோர் மட்டும் தங்கியது. அதனால் வடிவு பழைய உறையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துத் தினமும் பாலில் விட்டுவந்தாள். தெருவில் கேட்டவர்களுக்கும் கொடுத்தாள். பக்கத்து வீட்டு ராசாத்தி நாள் தவறாமல் வாங்கிப் போவாள்.

வீட்டு உறைகளைக் கண்டுபிடிக்கவென்றே அமைத்த முகர்வுப் படை மோப்பம் பிடித்து வந்தது. மற்ற ஊர்களில் செய்து முடித்ததுபோலவே வீடு வீடாக நுழைந்து கிடைத்த தயிரையெல்லாம் சாக்கடையில் கொட்டியது. சாட்சிப் பொருளுக்கென்று வடிவின் கலயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவளையும் இழுத்துப்போனது. கலயத்தின் அடியில் ஒட்டியிருந்த ஒரு கரண்டிதான் அந்த நாட்டில் மிஞ்சிய உயிருள்ள உறை.

விசாரித்தவர் பரிசுத்த பூபதியேதான். நீதிபதி பதவியும் அப்போது அவரிடம் கூடுதல் பொறுப்பாக இருந்தது. கூட்டம் கட்டுக்கடங்காமல் திரண்டிருந்தது.

"சீட்டில்லாத உயிரை வளர்த்தது குற்றம். ஒப்புக்கொள்கிறாயா?"

"ஐயா, ரெண்டு கலயத்துல பால் ஊத்துங்க. ஒண்ணுல உங்க உறை, ஒண்ணுல என் உறை. சாயங்காலம் தெறந்து பாப்போம். எது உறையலையோ அதுதான் பொய்."

கூட்டம் முணுமுணுத்தது. மந்திரி பதவிகளுக்கான தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் பூபதி மறுக்கவில்லை. வடிவின் கடைசிக் கரண்டி ஒரு கலயத்தில் விழுந்தது. இன்னொன்றில் அரசு உறையைக் கவிழ்த்து, பொன்னிறச் சீட்டை ஒட்டினார்கள். இரண்டையும் மூடி வெயில் படாத இடத்தில் வைத்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு காவலன் தும்மியபோது, கலயம் அசைந்துவிட்டதோ என்று வடிவுக்கு உயிரே போய் வந்தது.

நடுப்பகலில் ராசாத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "வடிவு, பிள்ளைக்குக் கண்ணு உள்ள போயிருச்சுடி. மோரு மோருன்னு முனகுது."

"இன்னும் கொஞ்ச நேரந்தான்க்கா. உறைஞ்சதும் கொண்டாந்துர்றேன்."

சாயங்காலம் மூடிகளைத் திறந்தார்கள். சீட்டு ஒட்டிய கலயத்தில் பால் பாலாகவே கிடந்து நாறியது. வடிவின் கலயத்தைச் சாய்த்தார்கள். தயிர் அசையவில்லை. கெட்டியாக உறைந்திருந்தது.

மந்திரி வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பசை கொண்டுவரச் சொன்னார். சீட்டைப் பதமாக உரித்து, தயிர்க் கலயத்தின் மேல் ஒட்டினார்.

"அரசு உறை வென்றது. நாம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒப்புக்கொள்பவர்கள் கை தூக்கலாம்."

முகர்வுப் படை கூட்டத்துக்குள் நடந்தது. ஒரு கை எழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. ராசாத்தி குனிந்த தலை நிமிராமலே கையைத் தூக்கினாள்.

வடிவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தில் புத்தியும் வேலை செய்தது.

"சரிங்கய்யா, உங்க உறையாவே இருக்கட்டும். அரசாங்க உறைய யாரு கேட்டாலும் குடுக்கணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? எனக்கு ஒரு கரண்டி குடுங்க."

மந்திரியின் முகம் கறுத்தது. கொடுக்க மறுத்தால் அது அரசு உறை இல்லையென்று ஆகிவிடும். கொடுத்தால் நாடு முழுக்க உயிருள்ள உறை பரவிவிடும். கூட்டத்திலிருந்து "எங்களுக்கும்!" என்று குரல்கள் எழுந்தன. ராசாத்தி கூட நிமிர்ந்து பார்த்தாள். வடிவு கையை நீட்டியபடியே நின்றாள்.

மந்திரி மெல்லப் புன்னகை செய்தார்.

"தாராளமாக, அம்மா. எல்லோருக்கும் உண்டு. யாரங்கே, அடுப்பை மூட்டுங்கள். விதிப்படி மூன்று கொதி."

"ஐயோ, கொதிக்க வெச்சா செத்துரும்யா! கடைசி உறைய்யா அது!"

"நல்லவை சாகாது" என்றார் அவர், கனிவாக.

இரண்டு காவலர்கள் வடிவைப் பிடித்துக்கொண்டார்கள். தயிர் திரிந்து மேலெழும்பியதைப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். அவள் வெறுங்கையோடு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். கை தூக்கியவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவிப்பு வந்தது. கொதிக்கிற அடுப்பை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கள் முறை வருவதற்குள் சீட்டு தீர்ந்துவிடுமோ என்பதுதான் எல்லோருடைய பயமும்.