மாமனாருக்கு ஒரு பாதுகாப்பான கண்ணாடி

குளியலறைக் கதவைத் தாழிட்ட பிறகு ஒரு மனிதன் என்னென்ன செய்கிறான் என்பதை வைத்து அவனை எடைபோடக் கூடாது என்பது என் கருத்து. அப்படிப் போட்டால் ஊரில் ஒருவரும் தேறமாட்டார்கள். ஆனால் என்னை மட்டும் பதினொரு பெண்கள் அப்படி எடைபோட்டுவிட்டார்கள். அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஏழு மாதம். போடியில் வாடகை வீடு, ராசிங்காபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் வேலை. உடம்பு ஐம்பத்து மூன்று கிலோ. ஒன்பதாம் வகுப்புக்கு ஒளி பற்றிய பாடத்தை என்னைப்போல் நடத்த ஆளில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. (அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான்.)

என் மனைவி கவிதாவின் வீடு மலைமேல். மாமா, அதாவது மாமனார், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் முப்பது வருடமாக சூப்பர்வைசர். தோட்டத்துச் சரிவுக்குக் கீழேயே சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு அத்தையும் அவரும் இருந்தார்கள். ஒரு நாள் காலையில் குளியலறையில் மாமாவுக்குக் கால் வழுக்கிவிட்டது. பிடிமானத்துக்குக் கையை நீட்டியிருக்கிறார். கையில் அகப்பட்டது ஆணியில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடி. அது ஆணியோடு பெயர்ந்து வந்து உடைந்து, உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஐந்து தையல். இடுப்பிலும் அடி.

தையல் பிரித்த பிறகும் மாமா பழைய மனிதராக ஆகவில்லை. சரிவில் ஏறுவதை விட்டுவிட்டார். காய் எடுக்கும் பெண்களுக்குச் சொல்லவேண்டியதைப் போனிலேயே சொன்னார். முகச்சவரம் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கைத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா சிரிச்சு ஒரு மாசமாச்சுங்க" என்று கவிதா போனை வைத்துவிட்டு அழுதாள்.

புது மாப்பிள்ளைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? "உடையாத கண்ணாடி ஒண்ணு செஞ்சு மாட்டிர்றேன். விடு" என்றேன்.

"மொதல்ல பிடிச்சு நிக்க ஒரு கம்பி வைங்க" என்றாள் கவிதா.

அந்த யோசனையில் அறிவியல் போதாது என்று எனக்குப் பட்டது. கம்பியை அவளே போய் வாங்கி வந்தாள். நான் நான்கு நாள் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்துக் குளியலறைக் கண்ணாடிகளின் பாதுகாப்பு பற்றி ஒரு நோட்டில் குறிப்பு எடுத்தேன். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

போடி பஜாரில் முருகேசன் அண்ணன் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். நோட்டை விரித்தேன்.

"நாலடி உயரம், மூணடி அகலம். டஃபன்டு கிளாசா இருக்கணும். பின்னாடி பிலிம் ஒட்டணும், தப்பித் தவறி ஒடஞ்சாலும் சில்லு செதறக் கூடாது. நாலு மூலையும் மழுக்கணும். விளிம்பு பூராவும் பாலிஷ். ஈரம் போகாம பின்பக்கம் பெயிண்டு."

"வீட்ல எத்தன பேரு தம்பி?"

"ரெண்டு பேருண்ணே."

"ரெண்டு பேரு மொகம் பாக்க நாலடி எதுக்கு?"

"விசாலமா இருக்கட்டும்ணே."

அவர் பொறுமைசாலி. "சாதாக் கண்ணாடியில பிலிம் ஒட்டிக்கங்க, அதே போதும். டஃபன்டுன்னா சூட்டுல போட்டு எடுக்கிறது. மொகம் லேசா நெளிஞ்சு தெரியும். பெறகு என்கிட்ட வந்து மொகம் கோணுதுன்னு சொல்லக்கூடாது" என்றார்.

"எனக்குப் பாதுகாப்புதாண்ணே முக்கியம்."

"சரி. ஓட்டை எங்கெங்கன்னு இப்பவே சொல்லிப்புடுங்க. டஃபன்டு பண்ணுன பெறகு ஓட்டை போட முடியாது, தூள் தூளாப் போயிரும். மாட்டுற செவுத்துக்கு எதுத்தாப்புல என்ன இருக்கு?"

"எதுத்தாப்புல ஆளு நிப்பாங்கண்ணே" என்றேன். இந்த மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் ஓர் இரக்கம். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பிறகு அளவை எழுதிக்கொண்டார்.

மதுரையில் செய்து வரவழைத்த கண்ணாடி பத்து நாளில் கைக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் ஜீப்பில் பின்பக்கம் நிறுத்தி, பழைய கம்பளியைச் சுற்றிக் கட்டி, மலையேறினோம். வளைவுக்கு வளைவு நான் கண்ணாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கவிதா முன்சீட்டில் இருந்து ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான ஏழு மாதத்தில் அவளை நான் அவ்வளவு அக்கறையாகப் பிடித்ததில்லை என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது.

போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினபோது கம்பளி ஒரு பக்கம் நழுவிவிட்டது. தடியான குரங்கு ஒன்று ஜீப்பில் ஏறியது. உள்ளே இன்னொரு குரங்கு நிற்பதைப் பார்த்ததும் அதற்குப் பிடிக்கவில்லை. பல்லைக் காட்டியது. அதுவும் பல்லைக் காட்டியது. ஓங்கி ஓர் அறை விட்டது பாருங்கள், டீக்கடைக்கே கேட்டது.

"சார், கண்ணாடி!" என்று டிரைவர் ஓடினார்.

நான் ஓடவில்லை. டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே, "அடிக்கட்டும். டஃபன்டு" என்றேன். குரங்கு மேலும் நான்கு அறை விட்டுப் பார்த்தது. கீறல்கூட விழவில்லை. தோற்றுப்போன கோபத்தில் அத்தைக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு சீப்பு மலைவாழைப்பழத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "குழப்பமில்ல சார்" என்றார் டிரைவர். (மலையில் ஓடி ஓடி அவருக்குப் பாதி மலையாளம் ஒட்டிக்கொண்டது, பரவாயில்லை என்று அர்த்தம்.) எனக்கும் குழப்பமில்லை. பழம் போனாலும் பாதுகாப்பு நிரூபணமாகிவிட்டதே.

வீட்டுக்குப் போனதும் சோலியை ஆரம்பித்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சுவரில் துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, நான்கு மூலையிலும் முடுக்கினேன். கண்ணாடிக்கு மேலே ஈரம் புகாத எல்இடி விளக்கு ஒன்றும் பொருத்தினேன், சவரம் செய்யும்போது மாமாவின் முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று. கடைசியாக, கவிதா நீட்டிய கம்பியையும் போனால் போகிறதென்று மாட்டிவிட்டேன்.

மாமா குளியலறை வாசலில் வந்து நின்றார். கண்ணாடியைப் பார்த்தார், அதில் தெரிந்த தன் தாடியைப் பார்த்தார். "பெருசா இருக்கு மாப்ளே" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அத்தைதான், "மேலெல்லாம் சிமெண்டுத் தூசியா இருக்கு, வெரசா குளிச்சிட்டு வாங்க. சோறு ஆறுது" என்றார்.

தாழ்ப்பாள் போட்டேன். வெளியே மேகம் கவிந்து உள்ளே மங்கலாக இருந்ததால் புது விளக்கைப் போட்டேன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சோப்பு நுரையோடு நிமிர்ந்தபோதுதான் அந்த அதிசயத்தைக் கண்டேன். முருகேசன் அண்ணன் சொன்ன நெளிவு எனக்குத் தோள்பட்டையில் வந்து சேர்ந்திருந்தது. கண்ணாடியில் நின்றவனுக்கு என்னைவிட இரண்டு மடங்கு தோள்! அப்படி ஒரு தோள் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? வலது புஜத்தை மடக்கிப் பார்த்தேன். பிறகு இடது. பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தினேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மாமா பாராட்டாத குறை மனதில் கிடந்தது. ஆகவே மாநிலத்தின் சிறந்த ஆசிரியர் விருதை நானே எனக்குக் கொடுத்தேன். தண்ணீர் மொள்ளும் கப்பு மைக்காக மாறியது. "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. கூட்டத்தை அமைதிப்படுத்த வலது கையை மெல்லத் தூக்கினேன்.

கைதட்டல் கேட்டது.

முதலில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த அளவுக்கு ஒன்றிப்போயிருந்தேன். அடுத்து ஒரு விசில் வந்தது. பிறகு ஒரு பெண்குரல், மேலிருந்து, தெளிவாக:

"சார், அந்தக் கையி மடக்கிக் காட்டுனீங்கள்ல, அத இன்னொரு வாட்டி காட்டுங்க! பேச்சியக்கா பாக்கல!"

என் தலைக்கு மேலே, பின்சுவரில், வெண்டிலேட்டர் இருந்தது. காற்றுக்காகக் கண்ணாடிச் சட்டங்களை முழுக்கத் திறந்துவைத்திருந்தார்கள். அதற்கு வெளியே சரிவு. சரிவில் ஒரு பாறை. அந்தப் பாறையில்தான் காய் எடுக்கும் பெண்கள் தினமும் மதியம் சாப்பிட உட்காருவார்கள். அங்கிருந்து பார்த்தால் இத்தனை வருடமும் வெண்டிலேட்டர் வழியாக எதிர்ச்சுவர் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது. வெண்டிலேட்டருக்குக் கீழே நிற்கும் ஆள் தெரியமாட்டார். இப்போது எதிர்ச்சுவரில் நாலடிக்கு மூணடி கண்ணாடி. மேலே விளக்கு. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று வருடா வருடம் போர்டில் படம் போட்டுக் காட்டியவன், அந்தப் படத்தின் நடுவில் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

கீழே உட்கார முயன்றேன். சோப்பு நுரையில் கால் வழுக்கியது. பறக்கத் தொடங்கியவனைக் கவிதாவின் கம்பிதான் பிடித்து நிறுத்தியது. அதைப் பிடித்தபடியே குத்தவைத்து, தவழ்ந்து போய் விளக்கை அணைத்தேன். மேலே "ஆத்தாடி, படம் நின்னு போச்சே!" என்று ஒரு குரல்.

மீதிக் குளியலைத் தரையோடு தரையாக முடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் பேச்சியம்மா (அந்தப் பதினொரு பேருக்கும் தலைவி) கொல்லைப்பக்கமாக இறங்கி வந்து அத்தையிடம் முழு விவரத்தையும் சொல்லிவிட்டிருந்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கவிதா தரையில் உட்கார்ந்திருந்தாள், தோள் குலுங்கியது. நான் மாமாவைப் பார்க்கப் பயந்தேன். முப்பது வருடம் அந்தத் தோட்டத்தில் மரியாதையாக வேலை பார்த்த மனிதர்.

மாமா குனிந்திருந்தார். முதலில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்புறம் தொண்டையிலிருந்து. பிறகு நாற்காலியே கிறீச்சிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது... மாப்ளே... வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அத்தை பொத்திய கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரித்து முடித்ததும் மாமா எழுந்தார். "பேச்சி கூட்டித்தான் சொல்லுவா. நானே போய்ப் பாக்குறேன். மூலையில கெடக்குற கம்பை எடுத்துக் கொண்டா கவிதா" என்றார்.

"எங்க போறீங்க?" என்று அத்தை பதறினார்.

"பாறைக்கு. மாப்ளே, நீங்க உள்ள போயி அதே எடத்துல நில்லுங்க. சட்டையோட நின்னாப் போதும்."

சட்டையோடு போய் நின்றேன். விளக்கையும் போடச் சொன்னார், போட்டேன். தையல் பிரித்த நாளிலிருந்து வாசற்படி தாண்டாத மனிதர், கம்பை ஊன்றி, ஒரு பக்கம் பேச்சியம்மாவும் மறுபக்கம் கவிதாவும் வர, சரிவில் ஏறுவது எனக்குச் சத்தமாகத்தான் தெரிந்தது. கல் உருண்டது. மூச்சு வாங்கியது. "மெதுவாப்பா" என்றாள் கவிதா. "எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் அவர். வெகுநேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது, பழைய சூப்பர்வைசர் குரல்:

"மாப்ளே! கையைத் தூக்குங்க!"

தூக்கினேன்.

"தெரியுது! நல்லாத் தெரியுது! வாட்சுல மணிகூடத் தெரியுது!"

பாறையே சிரித்தது. இறங்கி வந்தவர், நேராகக் குளியலறைக்குள் போய் முகச்சவரம் செய்துகொண்டார். வெண்டிலேட்டரைத் துண்டால் மறைத்துக்கொண்டுதான்.

அந்தப் பெண்கள் மலைக்காரர்கள் அல்ல. தினமும் காலையில் கீழேயிருந்து ஜீப்பில் வந்து மாலையில் இறங்கிப் போகிறவர்கள். நான்கு பேர் தேவாரம், ஏழு பேர் ராசிங்காபுரம். நான் வேலை பார்க்கும் அதே ராசிங்காபுரம். ஏழில் ஐந்து பேருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தார்கள். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் நுழைந்து, கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, "இது ஒரு சமதள ஆடி" என்றேன். வகுப்பில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு மாணவி எழுந்து, மிகப் பணிவாக, "சார், முன்னாடி நிக்கிறவங்களுக்கு மட்டுந்தான் தெரியுமா? வெளிய இருக்கறவங்களுக்கும் தெரியுமா சார்?" என்று கேட்டாள்.

அந்த வருடம் ஒளி பற்றிய பாடத்தில் அந்த வகுப்பில் ஒருவர்கூடத் தவறாக எழுதவில்லை.

வெண்டிலேட்டருக்கு மறு வாரமே மங்கல் கண்ணாடி போட்டாகிவிட்டது. கண்ணாடி இன்றும் அங்கேதான் இருக்கிறது, ஒரு கீறல் இல்லாமல். மாமா இப்போதும் சரிவில் ஏறுகிறார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. ஆனால் அந்த வீட்டில் யார் குளிக்கப் போனாலும் அவர் நாற்காலியில் இருந்தபடியே ஒரு குரல் கொடுக்காமல் விடுவதில்லை: "கையைத் தூக்குங்க, தெரியுதான்னு பாக்குறேன்!" உள்ளே போனவர் தூக்கியாக வேண்டும். விருந்தாளிகளுக்கும் விலக்கில்லை.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. லீவுக்கு லீவு மலைக்குப் போய் வளர்ந்தவள். போடியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் கண்ணாடியும் கிடையாது, கத்திச் சொல்லத் தாத்தாவும் கிடையாது. ஆனாலும் முதல் கப்புத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் முன் வலது கையை ஒரு தரம் மேலே தூக்கிவிட்டுத்தான் குளிக்கிறாள். ஏன் என்று கேட்டால், "குளிக்கிறதுக்கு முன்னாடி தூக்கணும்லப்பா" என்கிறாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் குளிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் இன்னும் காரணம் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வரட்டும்.