மூன்றாம் ஜன்னல் தாக்குதல் பிறந்த ஊர்

ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பெருமை என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பது எங்கள் மாகாண அரசின் கொள்கை. பெருமை இல்லாத ஊருக்கு மானியம் குறையும். ஆகவே ஒசாகாவுக்கு வடக்கே மலையடிவாரத்து ஊர்கள் எல்லாம் மும்முரமாகப் பெருமை தேடிக்கொண்டிருந்தன. பக்கத்து ஊர்க்காரர்கள் வெங்காயத்தாள் மாதிரி ஒரு பொம்மை தைத்து, அதற்குள் ஒரு ஆளை நுழைத்து ஆடவிட்டு, வேலையை முடித்துவிட்டார்கள். எங்கள் மிசுகுரேயில் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

எனக்குப் பெருமை தேவைப்படவில்லை. மகள் மிட்சுகிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் ஓர் இடம்தான் தேவைப்பட்டது. ஏப்ரல் பிறந்ததும் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் சமையல்கூடத்தில் நான் மறுபடி வேலைக்குப் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். காப்பக இடம் தருகிற அதிகாரம் நகராட்சி அலுவலகத்துக்கு. அதனால் என் கணவர் யாசுஹிரோ ஒருநாள் லீவு போட்டுவிட்டு அங்கே போனார்.

ஒன்றாம் ஜன்னலில் இருந்தவர் இடுப்பு வரை குனிந்து, "ரொம்ப மன்னிக்கணும், இதை ரெண்டாம் ஜன்னல்ல கேக்கணும்" என்றார். இரண்டாம் ஜன்னலில் இருந்த அம்மா இன்னும் தாழக் குனிந்து மூன்றாம் ஜன்னலைக் காட்டினார். மூன்றாம் ஜன்னலில் இருந்த ஒகுமுரா என்கிற பையன் மேஜையில் நெற்றி படக் குனிந்து, "முதல்ல ஒன்னாம் ஜன்னலுக்குப் போயிட்டு வந்துடுங்களேன்" என்றான். சுற்றிச் சுற்றி வந்து, அலுவலகம் சாத்துகிற நேரத்தில் என் கணவர் வெளியே வந்தார்.

"இடம் கிடைச்சுதாங்க?"

"வணக்கம் கிடைச்சுது."

"சத்தம் போட வேண்டியதுதானே?"

"எப்படிடி போடுறது? ஒவ்வொரு தடவையும் அவங்க குனியக் குனிய எனக்குத்தான் வெக்கமா இருக்கு. கடைசியில நான் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

சோறு கூடச் சாப்பிடாமல் படம் வரைய உட்கார்ந்தார். அவருக்கு ஒசாகாவில் வீடியோ கேம் கம்பெனியில் வேலை. அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டில் சாம்பல் மந்திரி என்று ஒரு வில்லன். அவனுக்கு ஒரு சிறப்புத் தாக்குதல் யோசித்துக் கொடுக்கும் பொறுப்பு இவருடையது. தீ, இடி, பாம்பு எல்லாவற்றையும் முதலாளி திருப்பி அனுப்பியிருந்தார். "நெருப்பைப் பாத்தா பசங்க கொட்டாவி விடுறாங்கப்பா" என்பாராம்.

அன்று வரைந்ததைத் திருப்பி அனுப்பவில்லை. சாம்பல் மந்திரி கத்தி எடுப்பதில்லை. மெதுவாகக் குனிகிறான். ஆகாயத்தில் மூன்று ஜன்னல்கள் திறக்கின்றன. வீரன் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடுகிறான். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வணக்கம். ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவன் உயிர் கொஞ்சம் வடிகிறது. வாளைக் கீழே போட்டுவிட்டு, "தொந்தரவு குடுத்ததுக்கு மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி வீரன் சாகிறான். இதற்கு மூன்றாம் ஜன்னல் தாக்குதல் என்று பெயர்.

விளையாட்டு வெளிவந்ததும் நாடே பைத்தியம் பிடித்து விளையாடியது. பிள்ளைகள் சாம்பல் நிற அங்கி போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தில் ஒருவரை ஒருவர் வணங்கிச் சாகடித்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் என் கணவரிடம், "இந்த யோசனை எங்கே பிறந்தது?" என்று கேட்க, இந்த மனுஷர் யோசிக்காமல், "எங்க ஊர் நகராட்சி அலுவலகத்துல" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? காப்பக இடம் அவங்க கையில இருக்கு. இனிமே மிட்சுகிக்குக் கல்யாணம் ஆனாலும் அங்க சேத்துக்க மாட்டாங்க!"

"வாய் தவறிடுச்சும்மா."

பத்திரிகையில் அது வந்த நாலாம் நாள் நகராட்சித் துறைத் தலைவர் குரிபயாஷி வாசலில் வந்து நின்றார். கறுப்புக் கோட்டு, கையில் பயற்றம் பூரணம் வைத்த இனிப்புப் பெட்டி. நாங்கள் இருவரும் குனிந்தோம். அவர் அதைவிடக் குனிந்தார். நாங்கள் இன்னும் குனிந்தோம். மிட்சுகி மட்டும் நிமிர்ந்து நின்று இனிப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேற்படி தாக்குதலின் பிறப்பிடம் எங்கள் அலுவலகம் என்று தாங்கள் பகிரங்கமாகத் தெரிவித்திருக்கிறீர்கள்" என்றார்.

"சார், அது வந்து..."

"இந்த ஊர் சார்பில் கண்ணீர் மல்க நன்றி தெரிவிக்கிறேன்! மாகாண அரசு நம்ம பெருமையை ஏத்துக்கிடுச்சு சார்!"

சொன்னபடியே கண்ணீர் மல்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சின்னச் சிக்கல். உங்க உயிர் அதிகமா வடிஞ்சது எந்த ஜன்னல்ல? ஒன்னாம் ஜன்னல்காரர் தன்னாலதான்னு சொல்றார். ரெண்டாம் ஜன்னல் அம்மா மூணு நாளா அவரோட பேசுறதில்லை."

"மூணும் சேந்துதான் சார்."

"அப்ப குழு போட்டுடலாம்."

நான் சும்மா இருப்பேனா? "சார், எங்க காப்பக இடம்?" என்றேன்.

அவர் முகம் வாடியது. "அதை ஏன் கேக்குறீங்கம்மா. போன வாரமே குடுக்கறதா இருந்தோம். நல்ல வேளை, பத்திரிகை வந்துடுச்சு. இப்பக் குடுத்தா பாரம்பரியத்துக்கு ஊறு."

"என்ன ஊறு?"

"உலகப் புகழ் பெற்ற தாமதம்மா அது. அதை நாங்களே முடிச்சு வைக்கலாமா?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அந்த நியாயத்தின்படியே எல்லாம் நடந்தது. அலுவலகத்தின் சுறுசுறுப்பற்ற தன்மை பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. வேலையைச் சீக்கிரம் முடிக்க வாங்கிய புதுக் கணினிகளைக் கடைக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்று ஜன்னல்காரர்களுக்கும் குனியும் கோணத்தில் பயிற்சி கொடுத்தார்கள். டோக்கியோவிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து இறங்கிய இளைஞர்கள் சாம்பல் அங்கியுடன் வரிசையில் நின்று, ஜன்னல் ஜன்னலாக விரட்டப்பட்டு, கண் கலங்கி, "அப்படியே விளையாட்டுல வர்ற மாதிரியே இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாசலில் 'மூன்றாம் ஜன்னல்' என்று பெயர் போட்டு அவித்த உருண்டை விற்றார்கள். எனக்கோ ஏப்ரல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு புகார் எழுந்தது. வந்தவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். உண்மையாகவே காத்திருந்து கஷ்டப்படுகிற ஒரு முகம் கூட அங்கே இல்லை, இது நாடகம் என்று எவனோ எழுதிவிட்டான். குரிபயாஷி மறுபடி என் வாசலில் வந்து நின்றார்.

"அசல் குறை உள்ளவங்க தேவைப்படுதும்மா. காலையில வந்து நாற்காலியில உக்காரணும். அப்பப்ப பெருமூச்சு விடணும். சம்பளம் உண்டு."

"குழந்தையை எங்க விடறது?"

"கூட்டிட்டு வாங்க. குழந்தை அழுதா இன்னும் தத்ரூபமா இருக்கும்."

சம்பளத்தைச் சொன்னார். சமையல்கூடத்தில் கிடைப்பதைவிட அதிகம். நானும் காப்பக இடம் கிடைக்காத மற்ற தாய்மார்களும் போய் உட்கார்ந்தோம். குழந்தைகளுக்கு மூலையில் பாய் விரித்தார்கள். பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தார்கள். பத்து மணிக்குப் பழம், மதியம் சுடச்சுட உடோன் நூடுல்ஸ், பிறகு தூக்கம். மிட்சுகி அங்கேதான் கரண்டி பிடித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். நாங்கள் பின்னல் போட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, பேருந்து வருகிற சத்தம் கேட்டால் மட்டும் பெருமூச்சு விட்டோம். என் பெருமூச்சைப் படம் பிடிக்கத் தனி வரிசை நின்றது. சமையல்கூடத்துக்கு அந்த வாரமே போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மூன்றாம் ஜன்னல் ஒகுமுரா, யாரும் பார்க்காதபோது என் நாற்காலிப் பக்கம் வந்து குனிந்தான். இது வேலைக் குனிவு இல்லை; காதோடு பேசுகிற குனிவு.

"அக்கா, எனக்கு மனசே ஆறல. யாருக்கும் தெரியாம பேப்பரை நகத்தி மேலிடத்துல முத்திரை வாங்கிட்டேன். மிட்சுகிக்கு இடம் கிடைச்சுடுச்சு. இங்க உக்காந்திருக்கிற எல்லா குழந்தைக்கும் கிடைச்சுடுச்சு!"

பின்னல் ஊசிகள் நின்றன. தாய்மார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு தம்பி உன்னைக் கேட்டா?" என்றேன்.

"அக்கா, நீங்கதானே ரொம்ப நாளா..."

"இடம் கிடைச்சுட்டா நாங்க இங்க எதுக்கு உக்காரணும்? எங்களுக்கு ஏது குறை?"

"எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே, கடங்காரா!" என்று இன்னொருத்தி எழுந்தாள். மூலையில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. வெளியூர்க்காரர்கள் ஓடி வந்து படம் எடுத்தார்கள். அன்று போலத் தத்ரூபமாக என்றுமே இருந்ததில்லை.

நாங்கள் நேரே குரிபயாஷியிடம் போனோம். எங்கள் பிள்ளைகளுக்குக் காப்பகத்தில் இடம் தரக் கூடாது, தந்தால் இந்த இடத்தை விட்டு நகர மாட்டோம் என்று முறையிட்டோம். அவர் எங்களை எந்த ஜன்னலுக்கும் அனுப்பவில்லை. நாற்காலி போட்டு, பார்லித் தேநீர் கொடுத்து, நகராட்சித் தலைவருக்கு அங்கேயே போன் செய்தார்.

சாயங்காலத்துக்குள் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. மிசுகுரேயில் இனி எந்தக் குழந்தைக்கும் காப்பக இடம் ஒதுக்கப்பட மாட்டாது. வேலையை முடித்த குற்றத்துக்காக ஒகுமுரா பக்கத்து ஊருக்கு மாற்றப்படுகிறான், அங்கே வெங்காயத்தாள் பொம்மைக்குள் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

எங்கள் ஊர் நகராட்சி ஒரு மனுவுக்கு அன்றைக்கே பதில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம்.